நாப்பத்தேழாவது ஆதாரம்

— பூபதிண்ணே, நாப்பத்தேழாவது ஆதாரத்த எடுத்துடுங்க. அப்புறமா பிரிண்ட் போடலாம்.

— இன்னாம்மா வித்யாஸ்ரீ, மூணு மணி பஸ்ஸ புடிச்சிப் போயி கைடு கிட்ட கையெழுத்து வாங்கணும்ன. இப்பப் போயி எடுன்னா தீசிஸ் பூரா நம்பர் மாறிடும்மா.

— மாறட்டும். இளையபெருமாள் எழுதின 'ராஜகிரிச் சுனைகள்', 1962. சென்னை, பாண்டிச்சேரின்னு லைப்ரரி லைப்ரரியா தேடிட்டேன். அப்படி ஒரு புஸ்தகமே இல்ல.

— பழைய புஸ்தகம். கரையான் தின்னிருக்கும், வுடு.

— எல்லா லைப்ரரியிலயுமா? ஆனா ஆறு தீசிஸ்ல இந்தப் பேரு இருக்குது. ஆறும் உங்க கடையில டைப் பண்ணதுதான். ஏண்ணே வேர்க்குது? ஃபேன் ஓடிட்டுதானே இருக்குது?

— இளையபெருமாளு... எங்க மாமனாருமா.

— அவரு எழுதினதா!

— எங்க எழுதறது? அவலூர்பேட்டையில மல்லாக்கொட்ட யாவாரம் பண்றாரு. கையெழுத்து போடறதோட சரி.

— அண்ணே!

— பன்னெண்டு வருசம் முன்ன ஒரு சாரு தீசிஸ் டைப் பண்ண வந்தாரு. அம்பது ஆதாரம் வேணும், ஒண்ணு கொறையுது. வெளிய பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கறான். "நீயே ஒண்ணு போட்டுடு பூபதி"ன்னாரு. மாமனாரு இதோ இந்த ஸ்டூல்ல குந்தினு இருந்தாரு. ஜன்னல்ல ராஜகிரி மல தெரிஞ்சுது. புஸ்தகம் ரெடி.

— பன்னெண்டு வருசம் பழசு எதையும் நான் பாக்கலயே. நான் பாத்த ஆறு பேரு?

— அதப் பாத்து இவங்க, இவங்களப் பாத்து அவங்க.

— அவங்களப் பாத்து நானு. படிக்காமலே படிச்ச மாதிரி போட்டிருக்கேன், வெக்கமா இருக்குது. எடுக்காதீங்கண்ணே. கீழ ஒரு அடிக்குறிப்பு அடிங்க. 'இப்படி ஒரு நூல் இல்லை. தகவல்: பூபதி, டிடிபி கடை, செஞ்சி பஸ் ஸ்டாண்டு.'

— ஐயோ, என் பேரு எதுக்கும்மா? எம் பொண்டாட்டிக்கு அவ நைனா பேர இழுத்து வுட்டேன்னு தெரிஞ்சா ஊட்ல சோறு கெடைக்காது.

— ஆதாரம்னா பேரு இருக்கணும். இதாவது நெசமா இருக்கட்டும்.

— கைடு கையெழுத்து போடுவாரா?

— எங்க குரு சாரா? கமா ஒண்ணு தப்பினாலே தூக்கிப் போடுவாரு. அவ்ளோ நேர்மை. இதப் படிச்சாருன்னா, உங்கள ஒண்ணு போடச் சொன்னாரே, அந்த ஆளுக்கு அவரே போன் போட்டு "ஏன்யா இப்படிப் பண்ண"ன்னு கேட்டுடுவாரு, பாருங்க.

— அவருக்கு அவரே எப்படிம்மா போன் போடுவாரு?