காப்டனை முந்தக்கூடாது

ஆமாக்கா, தமிழ்தான். தாராவி. தூக்குச்சட்டியப் பாத்ததுமே கண்டுபிடிச்சிருப்பிய. இதுல புளிச்சோறு, அந்தப் பைக்குள்ள இட்லியும் மொளகாப்பொடியும். இல்ல, கல்யாண வீடெல்லாம் ஒண்ணுமில்ல. ஆறு ஆம்பளைக்கு மத்தியானச் சாப்பாடு. அவுகள்லாம் பின்னாடி எங்கனயோ இருக்காவ, நான் மட்டும் சோத்தோட பஸ்ஸுல வாரேன். சிரிக்காதிய, சொல்லுதேன். தானா டேசனுக்குப் போய்ச் சேர நேரங்கிடக்கு. முன்னாடி போற வைக்கோல் வண்டிக்காரன் வழி விடுத மாதிரி தெரியல.

எங்க வீட்டுக்காரரு ஒரு சங்கத்துக்குக் காப்டன். கப்பல் இல்லக்கா, சைக்கிள் சங்கம். பேரு நான் சொல்லமாட்டேன், நீங்களும் காப்டன்னே வச்சிக்கிடுங்க. தாதர்ல மில்லு ஃபிட்டரு. போன வருசம் பாகிஸ்தான் சண்டை நடந்திச்சில்லா, அப்போ வெளக்கை அணைங்க, வெளக்கை அணைங்கன்னு தெருத்தெருவா சைக்கிள்ல போயி விசில் ஊதுறதுக்கு ஆளு எடுத்தாவ. இவுகளும் போனாவ. சண்டை முடிஞ்சிட்டு. விசிலு மட்டும் இவுக கழுத்துலயே தங்கிட்டு.

விசில் இருந்தா ஊதணுமே. யாரைப் பாத்து ஊத? அதுக்குன்னே தெருவுல சைக்கிள் வச்சிருக்க அஞ்சு பேரைப் பிடிச்சு, தாராவி நெல்லைத் தமிழர் சைக்கிள் சங்கம்னு போர்டு எழுதியாச்சு. மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஊருக்கு வெளிய போகணும், வயலு மரம் ஆறுன்னு பாத்துட்டுப் பொழுது சாய வீட்டுக்கு வரணும். நல்ல விசயந்தானக்கா, நான் கொறை சொல்லல. ஆனா சட்டம் இருக்கே சட்டம். ஒரு விசில் ஊதினா கெளம்பணும், ரெண்டு ஊதினா நிக்கணும். எல்லாத்தையும் விட முக்கியமான சட்டம், காப்டனை யாரும் முந்தக்கூடாது. மொத தடவ தேவ்நாருக்கு அங்கிட்டுப் போறப்போ பூலோகம்னு ஒரு எளவட்டப் பய, எறக்கத்துல பிரேக்கு பிடிக்காம இவுகளத் தாண்டிப் போயிட்டான். வேணும்னு போகல பாவம். அதுக்கு அவனை ஒரு மாசம் சங்கத்தை விட்டுத் தள்ளி வச்சிட்டாவ. அவன் என்ன செஞ்சான், அந்த மாசம் யாரோ போல தனியா, இவுகளுக்குக் கொஞ்சம் பின்னாலயே வந்து, இவுக சாப்பிட்ட எடத்துக்குப் பக்கத்து மரத்தடியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போனான்.

நானா? நான் எதுக்கு வந்தேன்னு கேக்கியளா. இந்தத் தடவ பிவண்டிக்கு அங்கிட்டு ஒரு ஆத்தங்கரை, குடும்பத்தோட வரலாம்னு இவுகளே சொன்னாவ. மத்த வீட்டுப் பொம்பளையளுக்குப் புத்தி இருக்கு, யாரும் வரல. நான் கல்யாணமாகி பம்பாய்க்கு வந்து எட்டு வருசமாச்சு. மாதுங்கா மார்க்கெட்டு, தாதர் மில்லு கேட்டு, இதைத் தவிர ஒண்ணும் பாத்ததில்ல. ஒரு ஆத்தைத்தான் பாப்பமேன்னு, பிள்ளையள அடுத்த வீட்டு முப்பிடாதியக்காகிட்ட விட்டுட்டு, எல்லாருக்கும் சோத்தைக் கட்டிக்கிட்டு கேரியர்ல ஏறிட்டேன்.

வலியா? அதைக் கேக்காதிய. நாளைக்குத்தான் முழுசாத் தெரியும்.

வழி நெடுக பேச்சுக்கா. இவுக பேசுவாவ, நான் உம் கொட்டுவேன். அதைச் சொல்லக்கூடாது, நல்ல மனுசன். அடி கிடி, குடி கிடி ஒண்ணுங் கிடையாது. ஆனா பேச ஆரம்பிச்சா முன்னால இருக்கது ஆளா தூணான்னு பாக்கமாட்டாவ. மில்லுல மேஸ்திரி சொன்னது, அதுக்கு இவுக சொன்னது, சொல்லாம விட்டது, எல்லாம் வரும்.

தானா தாண்டி, பாலம் தாண்டி, நான் ஏறுனேன்ல அந்த டீக்கடை, அங்கன நின்னோம். எல்லாரும் டீ குடிச்சாவ. விசிலடிச்சாச்சு. நான் தூக்குச்சட்டிய ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கைய கேரியர்ல ஊனி ஏறப் போறேன், செருப்பு வாரு பட்டுன்னு அந்து போச்சு. குனிஞ்சு எடுக்கேன். இவுக என்ன நெனச்சாவ, கை ஊனின கனத்துல நான் ஏறிட்டேன்னு நெனச்சு, மிதிச்சுப் போயிட்டாவ.

கூப்பிட்டிருக்கலாம். எல்லாருந்தான் அதைச் சொல்லுவாவ. ஒரு சத்தம் கொடுத்திருந்தா நின்னிருப்பாவ. வாயத் தொறந்தேன்க்கா. அப்படியே மூடிட்டேன். எம்புட்டு தூரம் போனா தெரியுதுன்னு பாப்பமேன்னு தோணிட்டு. இந்த வளைவுல திரும்பிப் பாப்பாவ, அந்தப் புளியமரத்துல பாப்பாவன்னு நின்னேன். வளைவும் போச்சு, மரமும் போச்சு, அவுக போட்டிருந்த காப்டன் தொப்பியும் மறைஞ்சு போச்சு.

டீக்கடையில ஒரு மராட்டிக்காரம்மா. என்ன ஆச்சுன்னு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச இந்தியில, எம் புருசன் என்னை மறந்துட்டுப் போயிட்டாருன்னேன். அவ உக்கார முக்காலி போட்டுட்டு, எம் புருசனும் இப்படித்தான் பூனாவுக்குப் போனான், பதினஞ்சு வருசமாச்சு, இன்னும் ஞாபகம் வரலங்கா. ரெண்டு பேரும் சிரிச்சோம். அவ சிரிச்சு முடிச்சிட்டா, நான் மறுபடி ரோட்டைப் பாக்க ஆரம்பிச்சிட்டேன்.

ரொம்ப நேரம் கழிச்சு அந்தப் பூலோகந்தான் வந்தான், நாக்கு தள்ள மிதிச்சிக்கிட்டு. வந்ததும் அவன் கேட்ட மொதக் கேள்வி, அக்கா சோறு பத்திரமா இருக்கான்னு. மூதி. ரெண்டு கை புளிச்சோறு எலையில வச்சுக் கொடுத்த பெறவுதான் பேச்சு வந்துச்சு அவனுக்கு.

நடந்தது என்னன்னா, பின்னாடி வந்த அஞ்சு பேருக்கும் அப்பவே தெரிஞ்சிருக்கு, கேரியர்ல ஆளு இல்லன்னு. அவுகள நிறுத்திருவோம்னு பின்னாலயே போயி காப்டன் காப்டன்னு கத்திருக்கானுவ. ஆனா முந்திப் போயி மறிக்க முடியாதே, சட்டம் இருக்கே. பெல்லை அடிச்சிருக்கானுவ. இவுக நம்மள உற்சாகப்படுத்துதானுவன்னு நெனச்சு, பதிலுக்குப் பெல்லடிச்சிட்டு இன்னும் வேகமாப் போயிருக்காவ. வண்டி வேற லேசா இருக்கா, பாத்தியாலே, செயினுக்குப் போட்ட புது எண்ணெயோட சங்கதியன்னு பெருமை வேற. பூலோகம் உசிரக் கொடுத்து அக்கா, அக்கான்னு கத்திருக்கான். அதுக்கு இவுக திரும்பாமலே என்ன சொன்னாவ தெரியுமா? உங்கக்கா தூங்குதாலே, சத்தம் போடாதிய.

ஆமாக்கா. நான் உம் கொட்டலல்லா, அதனால தூங்கிட்டேன்னு நெனச்சிருக்காவ.

இருங்க, இன்னும் இருக்கு. அதுக்குப் பெறவு பேச்சையும் நிறுத்திட்டாவளாம். அந்த மனுசன் வாய மூடிக்கிட்டு சைக்கிள் மிதிச்சத நான் பாத்ததே இல்ல. குழி வந்தா எறங்கி, நான் உக்காந்திருக்கதா நெனச்சு மெள்ள உருட்டி, திரும்ப ஏறி மிதிச்சிருக்காவ. எறங்குதப்பயும் பின்னால பாக்கலையா? பாக்கலையாம், எங்க பாத்தா நான் முழிச்சிருவேனோன்னு. ஆத்தங்கரைக்குப் போயி ரெண்டு விசிலையும் மெதுவா ஊதி, ஏட்டி, ஆறு வந்துட்டு, எந்திரின்னு திரும்பிருக்காவ.

பூலோகம் சோத்தை மென்னுக்கிட்டே சிரிச்சு சிரிச்சு இதைச் சொல்லுதான். எனக்குச் சிரிப்பு வரல. கோவமும் வரல. வரணும்னு பாத்தேன், குழியில எறங்கி உருட்டினாவங்கதக் கேட்டதும் அது எங்கயோ போயிட்டு.

ஆள் இல்லன்னு பாத்ததும் என்ன செஞ்சாவளா? மொதல்ல கேரியரத் தடவிப் பாத்தாவளாம், கீழ கிடக்கனான்னு மண்ணைப் பாத்தாவளாம். அப்புறம் சைக்கிளத் திருப்பிட்டாவளாம். பூலோகம் சின்னப் பய, அவுகளுக்கு முன்னாடியே வந்து சேந்துட்டான். இன்னைக்கு முந்தினதுக்கு என்ன தண்டனைன்னு தெரியல.

அவன் கூப்பிட்டான், எங்கேரியர்ல ஏறுங்க, எதுக்க போயிருவோம்னு. நான் ஏறல. இந்த எஸ்.டி. பஸ்ஸு வந்து நின்னுச்சு, இதுல ஏறிட்டேன். எட்டு வருசமா நாந்தான் அவுக பின்னாடி போயிருக்கேன், கேட்டியளா. ஆஸ்பத்திரிக்கு, ரேசன் கடைக்கு, சொந்தக்காரன் வீட்டுக்கு, எல்லாத்துக்கும். ஒரு தடவ மாத்திப் பாத்தா என்னன்னு.

தண்ணி இருக்காக்கா? ஒரு மடக்கு கொடுங்க. எனக்கில்ல, வச்சிக்கிடுதேன்.

கொஞ்சம் கழுத்தை நீட்டிப் பின்னாடிக் கண்ணாடி வழியாப் பாருங்க. லாரி இல்ல, லாரிக்கு இந்தப் பக்கம். தொப்பி போட்டுக்கிட்டு, சட்டையெல்லாம் நனைஞ்சு. பாலத்துக்கு முன்னாலருந்தே வாராவ, நான் இதுல ஏறினதப் பூலோகம் சொல்லிருப்பான். ஒண்ணும் பயப்படாதிய, பஸ்ஸு நடக்கத்தான செய்யுது, விழுந்துர மாட்டாவ.

அவுகதான். கண்டக்டர்கிட்டச் சொல்லிராதிய. அந்த ஏத்தத்துக்கு மேல ஸ்டாப் வருது, அங்கன எறங்கிக்கிடுதேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு இட்லி எடுத்துக்கிடுங்க, பசியோட தானா போய்ச் சேராதிய.