வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரிச் செயலாளர் நம்பிராஜன் அண்ணாச்சி அவர்களே, முதல்வர் அவர்களே, சக ஆசிரியர்களே, செங்கோட்டையிலிருந்தும் சுந்தரபாண்டியபுரத்திலிருந்தும் சாரலில் நனைந்து வந்திருக்கும் எங்கள் மாணவிகளே, வணக்கம்.

பேராசிரியர் தங்கத்தாய் அவர்கள் மறைந்து இன்றோடு பதினாறு நாள். பத்தொன்பது ஆண்டுகள் அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள் நான், வித்யாலட்சுமி. ஆண்டுதோறும் குற்றாலத்தில் மாணவிகளுக்குத் தலைமைப் பயிற்சி முகாம் நடத்தினாரே, அதில் அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று! மூன்று நாளும் யாரும் "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் விடுவாரா? "ஏட்டி, பதில் ஒன் வாயில இல்லியா? வீட்டுல இருந்து பார்சல்ல வரணுமா?" என்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொந்தமாகப் பதில் சொல்லப் பழகினார்கள்.

அப்படிப் பழகிய மிஸ்ரியாதான் போன வருடம் கல்லூரி விழாவில் எழுந்து, லேப் முடிவதற்குள் பஸ்ஸை எடுத்துவிடுகிறீர்களே, நாங்கள் எப்படிச் செங்கோட்டை போவது என்று கேட்டாள். கேட்டது குற்றமா? "பொம்பளப் பிள்ளைகளுக்கு வாய் நீளுது" என்று முகாமையே நிறுத்தினீர்களே, அண்ணாச்சி! இன்று பேனரில் 'தலைமைப் பண்பின் தாய்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

உங்களை மட்டும் சொல்லி என்ன? "முகாம மறுபடி நடத்தச் சொல்லி மனு எழுதுங்க அக்கா, நாங்க கையெழுத்துப் போடுதோம்" என்று தங்கத்தாய் அக்காவைத் தூண்டிவிட்டதே நாங்கள் பதினோரு ஆசிரியர்கள்தான். நம்பி எழுதிக்கொண்டு வந்தார். முதலில் என்னிடம்தான் நீட்டினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அக்கா, வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்."

மற்ற பத்துப் பேரும் அதையே சொன்னார்கள். அக்கா திட்டவில்லை. "சரிட்டி, கேட்டுட்டு வா" என்று காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்தோமே, பாவிகள்!

அந்தப் பையை அவர் மகள் நேற்று என்னிடம் கொடுத்தாள். மனு இதோ இருக்கிறது. வரிசை எண் போட்ட பதினோரு இடமும் காலி.

அக்காவின் படத்துக்கு முன்னால் சொல்கிறேன். ஆடி முதல் சனிக்கிழமை குற்றாலத்தில் முகாம் நடக்கும். நிர்வாகம் தடுத்தால் ஐந்தருவிச் சாலையில் என் தங்கை வீட்டு மாடியில் நடக்கும். சக ஆசிரியர்களே, மனு இங்கேயேதான் இருக்கும். நீங்கள் வந்து கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

ஏட்டி மிஸ்ரியா, அந்தப் பேனாவக் கொண்டா. நான் வீட்டுல கேக்கல.