நீலச் சட்டைக்கும் கேஸ் உண்டா?

"நானும் நீலச் சட்டை போட்டு டூட்டியிலதானேண்ணே இருந்தேன். பிறகு எனக்கு மட்டும் எதுக்குக் கேஸ்?"

கொச்சியில், மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் நீலச் சட்டை யூனிஃபார்மில் இரண்டு சுமைத் தொழிலாளிகள். இளையவர் இறக்கிய இஞ்சி மூட்டை நேற்று வழியில் போன ஒருவரின் காலில் விழுந்துவிட்டதாம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் காது கொடுத்தேன்.

"அமெரிக்காவுல பிரசிடெண்டு டூட்டியில செஞ்சதுக்குக் கேஸ் போட முடியாதுன்னு கோர்ட்டே சொல்லிருச்சுன்னு நீங்கதானே பேப்பர்ல வாசிச்சீங்க?"

"வாசிச்சேன். மூட்டை இறக்கினது டூட்டி, சரி. இறக்கும்போது ஃபோன்ல பேசிக்கிட்டிருந்தியே, அது?"

இளையவர் கையிலிருந்த ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அந்தப் பிரசிடெண்டு ஃபோன்ல பேசினா மட்டும் கேஸ் இல்லையா?"

"அவருக்கு ஃபோன்ல பேசறதுதாண்டா டூட்டியே."