"என்ன சொன்னே?" என்று கேட்கக் கற்பித்தவருக்கு

தலைநகர் தில்லியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தி கற்பித்து, கற்பித்த இந்தியால் தமிழையும் தழைக்க வைத்த தகைமையாளரே! கரும்பலகையின் முன் நின்ற காலமெல்லாம் கடுஞ்சொல் ஒன்றும் கலவாத கனிவாயினரே! அதட்டாமலே அடக்கியவரே! ஆர்ப்பாட்டம் இல்லாமலே ஆண்டவரே! எங்கள் இந்தி ஆசிரியை, திருமதி ராஜலக்ஷ்மி கல்யாணராமன் அவர்களே! பணி நிறைவு பெற்று விடைபெறும் தங்களுக்கு, இப்பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஆயாக்களும் வாயிற்காவலரும் ஒன்றுகூடிக் கைகுவித்து வாசித்தளிக்கும் மடல் இது.

இப்படியே இரண்டு பக்கம் போவதாகத்தான் இருந்தது. அன்புக் கடல், அறிவுச் சுடர் எல்லாம் எழுதி முடித்துத் தயாராக வைத்திருந்தோம். சென்ற வாரம் ஆசிரியர் அறையில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தாங்கள் சொன்ன சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. "இதோ பாருங்கோ, 'தாங்கள் தாங்கள்'னு என்னை மேடையில உக்கார வெச்சுண்டு புகழ ஆரம்பிச்சேள்னா, நான் பாட்டுக்கு எழுந்து பஸ் ஸ்டாப்புக்குப் போயிண்டே இருப்பேன்" என்றீர்கள். சொன்னதைச் செய்கிறவர் தாங்கள் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே ஒரு தந்திரம் செய்திருக்கிறோம். இனி வருவது தங்களைப் பற்றியது அல்ல. ராஜலக்ஷ்மி டீச்சர் என்று ஒருவர் இருந்தார், அவருடைய கதை இது. அவருக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தயவுசெய்து உட்கார்ந்து கேளுங்கள்.

ராஜலக்ஷ்மி டீச்சர் கும்பகோணத்துப் பெண். மத்திய அரசில் வேலை பார்த்த கல்யாணராமனுக்கு வாழ்க்கைப்பட்டு, லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வந்து இறங்கியபோது 'அச்சா'வைத் தாண்டி அவருக்கு இந்தி தெரியாது. காய்கறிக்காரனிடம் ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்ட மொழி என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதனால்தானோ என்னவோ, ஊரிலிருந்து புதிதாக வந்து இந்தி வகுப்பில் திருதிருவென்று விழிக்கும் பிள்ளையைக் கண்டால் அவர் மனம் இளகிவிடும். ஒருமுறை அபிராமி என்ற சிறுமியிடம் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி 'கல் லானா' என்று சொல்லி அனுப்பினார். நாளைக்குக் கொண்டு வா என்று அதற்குப் பொருள். மறுநாள் அவள் இரண்டு கையாலும் ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "தப்பு உன் மேல இல்லடி, அந்த வார்த்தை மேல" என்று சொல்லி அதை வாங்கித் தம் மேசைமேல் வைத்துக்கொண்டார். இன்றுவரை தாள் பறக்காமல் பார்த்துக்கொள்வது அந்தக் கல்தான்.

பிறகு தொண்ணூற்று நான்காம் ஆண்டுக் குளிர்காலம் வந்தது. அந்தக் குளிர்காலத்தைச் சொல்லாமல் டீச்சரைப் பற்றி எதைச் சொன்னாலும் அது அரைகுறைதான்.

டீச்சருக்கு ஒரே பிள்ளை, அர்விந்த். இதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அவனுடைய வகுப்பில் அந்த ஆண்டு விஜயன் என்று ஒரு பையன் சேர்ந்தான். சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, குடிசைப் பகுதியில் தங்கியிருந்த வேலு, குஞ்சம்மாள் தம்பதியின் மகன். அவனுக்கு இந்தி ஒரு சொல்லும் வராது. அவன் பேசும் சேலத்துத் தமிழோ தில்லியில் பிறந்த பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு கூட்டம் தினமும் அவனைச் சீண்டிக்கொண்டே இருந்தது.

ஆண்டு விழாவுக்காகக் கைவினை வகுப்பில் தோரணம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பையன்கள் விஜயனின் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, அவன் பேசுவதுபோலவே பேசிக் காட்டினார்கள். அவன் கத்திரிக்கோலோடு எழுந்தான். அர்விந்த் குறுக்கே போய், அவன் தோளில் கை போட்டு, சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னான். அடுத்த நொடி கத்திரிக்கோல் அர்விந்தின் கழுத்தில் பாய்ந்திருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் உயிர் பிரிந்தது. இதற்கு மேல் அதை எழுத எங்களுக்குக் கை வரவில்லை.

அதன் பிறகு தில்லித் தமிழர் வீடுகளில் வேறு பேச்சே இல்லை. சினிமாதான் கெடுக்கிறது என்றார்கள். கேபிள் டி.வி. என்றார்கள். அடித்து வளர்க்காததால் வந்தது என்றார் ஒருவர், அடித்து வளர்த்ததால் வந்தது என்றார் அவர் மனைவி. பள்ளியில் கத்திரிக்கோல், காம்பஸ் எல்லாம் அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. வாசலில் பிள்ளைகளின் பையைத் துழாவ ஓர் ஆள் வந்து நின்றான். எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து முடிந்தது. குடிசைப் பகுதிப் பிள்ளைகள் இங்கே எதற்கு என்பதுதான் அது.

காரியங்கள் முடிந்த மறுவாரம் பெற்றோர் கூட்டம் கூடியது. மேடையில் அர்விந்தின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. முன்வரிசையில் டீச்சரும் கல்யாணராமனும் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் சங்கத் தலைவர் சேஷன் எழுந்தார். பெரிய அதிகாரி, கெட்ட மனிதர் அல்ல, பயந்துபோன தகப்பன். "ஒரு கொழந்தை போயிடுத்து. இன்னொண்ணு போகணுமா? அந்தப் பசங்க பேரையெல்லாம் எடுத்துடுங்கோ சார், வேற ஸ்கூல் பாத்துக்கட்டும். ராஜலக்ஷ்மி மாமி சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், யாரும் மறுத்துப் பேச மாட்டா" என்றார். கருங்கல் தூக்கிவந்த அபிராமியும் அந்தக் குடிசைப் பகுதிப் பெண்தான். அவள் படிப்பும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியர் இராஜமாணிக்கம் ஐயா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்தப் பையன் வேற, அர்விந்தே தன்னைக் குத்தச் சொன்னான்னு சாதிக்கிறானாம்." அவ்வளவுதான், கூடம் கொதித்துப்போனது. செத்த குழந்தை மேலேயே பழியா என்று நாலா பக்கமும் கூச்சல். அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. உட்கார் என்று சொல்ல ஆளில்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்த விஜயனின் தாய், குஞ்சம்மாள்.

"எம்புள்ள செஞ்சது பாவந்தாங்க. எந்தச் சாமி கால்ல விழுந்தாலும் அது தீராது. ஆனா அவன் பொய் சொல்லலைங்க. அந்தத் தம்பிதான் சிரிச்சிக்கிட்டே 'குத்தே'ன்னு சொல்லிச்சாம். எல்லாரும் சீண்டுறாங்க, இவனும் சவால் விடுறானேன்னு..."

மேலே பேச விடாமல் அதட்டினார்கள். ராஜலக்ஷ்மி டீச்சர் அந்தக் கூட்டத்தில் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். "அதுக்கு முன்னாடி என்ன சொன்னான்? 'அபே'ன்னானா?"

"ஆமாங்க டீச்சரம்மா, ஏதோ அப்படித்தான் சொன்னான்னான். எம்புள்ளைக்குத்தான் இந்தி தெரியாதுங்களே."

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. லக்ஷ்மிபாய் நகர் வீட்டில் மாலையானால் சமையலறை ஜன்னல் வழியாக அந்தக் குரல் கேட்கும். கீழே விளையாடும் தோழர்களை அர்விந்த் 'அபே குத்தே!' என்றுதான் கூப்பிடுவான். இந்தியில் அட நாயே என்று அர்த்தம். அசிங்கமாகப் பேசாதே என்று அவர் எத்தனையோ முறை கண்டித்திருக்கிறார். "பிடிச்ச ஃப்ரெண்டை மட்டுந்தாம்மா அப்படிக் கூப்பிடுவேன்" என்று அவன் ஓடிவிடுவான். அந்தச் சொல் சேலத்துப் பிள்ளையின் காதில் தமிழாக விழுந்திருக்கிறது. வாயேன், சொல்லேன் என்று நாம் பேசும்போது கடைசி 'ன்' வாய்க்குள்ளேயே தேய்ந்துபோகுமே, அதுபோல. எங்கே குத்தேன், பார்க்கலாம்!

அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மாலை போட்ட படத்தில் அவர் பிள்ளை தங்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். சொன்னால் அந்தத் தங்கம் ஓர் ஏழைப் பையனை நாயே என்று கூப்பிட்டது ஊருக்கே தெரிந்துவிடும். பக்கத்தில் இருந்த கல்யாணராமனும் அதே ஜன்னலில் அதே சொல்லைக் கேட்டவர். அவருக்கும் புரிந்துவிட்டது. மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, "வேண்டாம் ராஜி" என்றார். டீச்சர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"என் பிள்ளை குத்துன்னு சொல்லலை. 'அபே குத்தே'ன்னான். ஹிந்தியில நாயேன்னு அர்த்தம். சிநேகிதாளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அந்தக் கொழந்தை காதுல அது தமிழா விழுந்துடுத்து."

டீச்சர் கூடத்தின் பக்கம் திரும்பினார்.

"குத்தினது தப்பு. அதுக்குச் சட்டம் இருக்கு. ஆனா அவன் பொய் சொல்லலை. இத்தனை நாளா அவனைக் கேலி பண்ணினதெல்லாம் நம்மாத்துக் கொழந்தேள்தான். 'என்ன சொன்னே?'ன்னு ஒரு வார்த்தை அவன் கேட்டிருந்தா, அர்விந்த் இப்போ ஆத்துல இருப்பான். ஏன் கேக்கலை? கேட்டா சிரிப்பாளேன்னு பயம். இந்தக் கொழந்தேளையெல்லாம் வெளில அனுப்பிட்டா, அப்புறம் யார் யாரைக் கேக்கப்போறா?"

சேஷன், "மாமி, பெத்த வயிறு, நீங்களே இப்படிப் பேசினா..." என்றார்.

"பெத்த வயிறுங்கறதாலதான் பேசறேன்."

சேஷன் கையிலிருந்த பெயர்ப் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பிள்ளையின் பெயரும் நீங்கவில்லை. கல்யாணராமன் மட்டும் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். செத்துப்போன குழந்தையைத் திட்டினவனாக்கிவிட்டாளே என்ற வேதனை அவருக்கு. அதையும் நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அன்று அந்தக் கூடத்தில் இருந்த எங்களில் சிலருக்கு, இப்படியும் ஒரு மனுஷியா என்ற பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை.

சிறார் நீதிமன்றத்திலும் டீச்சர் இதையே போய்ச் சொன்னார். விஜயன் சில காலம் அரசு இல்லத்தில் இருந்தான், பிறகு அவன் குடும்பம் ஊர் திரும்பியது. அவன் இப்போது எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்பது டீச்சருக்குத் தெரியும். எவ்வளவு குடைந்து கேட்டாலும் எங்களிடம் சொல்ல மாட்டார்.

பள்ளியில் ஒரு வழக்கம் மட்டும் வந்தது. மனசைச் சுடும் சொல் எதுவானாலும், கை ஓங்குவதற்கு முன் "என்ன சொன்னே?" என்று கேட்க வேண்டும். சொன்னவன் மற்ற மொழியில் அதை விளக்கிச் சொல்ல வேண்டும். கேட்பவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. சண்டை முழுக்க நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். இதென்ன விளையாட்டு என்று முதலில் முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் பாதிச் சண்டை கேள்வியிலேயே கரைந்துபோனதைக் கண்ணால் கண்டோம். வரலாற்று ஆசிரியர் பாலசுப்ரமணியம் ஐயாவும் நம் கணக்கரும் சம்பளப் பட்டியலை வைத்து மல்லுக்கட்டும்போதுகூட, யாராவது ஒருவர் "என்ன சொன்னே?" என்று குறுக்கே விழுந்தால் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். பூட்டிய அலமாரியை அடுத்த ஆண்டே திறக்கச் சொன்னவரும் டீச்சர்தான். அவ்வாண்டு தோரணத்தின் முதல் காகிதத்தை அவரே கத்திரிக்கோலால் வெட்டினார். கோடு விலகாமல் நேராக வெட்டினார்.

சென்ற செவ்வாய்க்கிழமை இடைவேளையில் ஏழாம் வகுப்பு அபிஷேக், ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு பையனைப் பார்த்து மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கூவினான்: "அபே குத்தே!"

புதுப் பையன் நின்றான். முகம் சிவந்தது. கை மடங்கியது. பிறகு கேட்டான்: "என்ன சொன்னே?"

"நாயேன்னு அர்த்தம்டா."

"நாயா?"

"இல்லடா, ஃப்ரெண்டுன்னு அர்த்தம். பிடிச்சவனைத்தான் அப்படிக் கூப்பிடுவேன்."

புதுப் பையன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப சரி. வாடா குத்தே" என்றான். இருவரும் பந்தை நோக்கி ஓடினார்கள். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த ராஜலக்ஷ்மி டீச்சர், குழாயை மூட மறந்து, அவர்கள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் வராந்தாவில் இருந்தோம்.

அம்மையீர்! அந்த டீச்சர் தாங்களேதான். எழுந்து போகாமல் இருந்ததற்கு நன்றி. மகனை இழந்த இடத்திலேயே மற்றவர் மக்களைக் காத்து நின்ற மாண்பினரே! துயரைத் தூணாக்கி எங்கள் பள்ளியைத் தாங்கியவரே! தங்களைப் புகழத் தகுந்த சொல் எந்த மொழியில் இருக்கிறது என்று தேடினோம். தமிழிலும் கிடைக்கவில்லை, தாங்கள் கற்பித்த இந்தியிலும் கிடைக்கவில்லை. அந்தக் கருங்கல்லை மட்டும் இங்கேயே விட்டுச் செல்லுங்கள், கேட்டுப் பெறுகிறோம்.

பதினோரு ஆண்டுகளுக்கு மேலாக இப்பள்ளியின் வாசலை மிதிக்காத திரு. கல்யாணராமன் அவர்கள் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, தாங்கள் வந்ததே எங்களுக்குப் போதும்.

அம்மையீர்! தங்கள் காலுக்கு வலுவும் கண்ணுக்கு ஒளியும் குறையாமல் இருக்கட்டும். தில்லியின் துவாரகாப் பகுதியில் தாங்கள் குடிபோகும் புது வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே பிள்ளைகள் விளையாடட்டும். மாலைதோறும் அந்தச் சொல் மேலே ஏறி வந்து தங்கள் காதில் விழட்டும். அப்போது யாரிடமும் என்ன சொன்னே என்று கேட்காமலே, அது சிநேகிதன் என்று கூப்பிடும் சொல்லாகவே தங்களுக்குக் கேட்கட்டும்.

தில்லி,
ஏப்ரல் 2006

தங்களிடம் கேட்கக் கற்றுக்கொண்ட
ஆசிரியர்கள், அலுவலர்கள், ஆயாக்கள், வாயிற்காவலர்