குழல் முறிந்த டாங்கி

“ஏனுங்க, டாங்கியில எதுக்கு உலக்கையைச் சொருகி வெச்சிருக்கீங்க?”

யுத்த காலம், பெட்ரோல் தட்டுப்பாடு. ராசிபுரம் போகும் கரி பஸ் ஏற்றத்தில் நின்றுவிட, கண்டக்டர் பஸ்ஸின் பின்னாலிருந்த கரியடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்கு முன் சீட்டில் ஒரு நூல் வியாபாரியும் கொலு பொம்மை செய்து விற்கிறவரும். வியாபாரியின் கையில் புதுக் களிமண் டாங்கி.

“பீரங்கிக் குழல் மெலிசா இருந்தா சூளையிலயே முறிஞ்சு போகுதுங்க. கொலுவுக்கு இது போதும்” என்றார் பொம்மைக்காரர்.

“போதுமா? இது சண்டைக்குப் போற வண்டியா, நெல்லுக் குத்தப் போற வண்டியா? சக்கரத்துப் பட்டையைப் பாருங்க, முறுக்குப் புழிஞ்ச மாதிரி!”

“ஒவ்வொரு பல்லாக் கீறிட்டிருந்தா நவராத்திரி போயி தீவாளி வந்துருமுங்க.”

“போன வருசம் சேலம் கடைவீதியில ஒரு ஜெர்மன் டாங்கி வாங்கினேன். அதுதானுங்க நுணுக்கம். குட்டைக் குழல். ஜெர்மன்காரனுது அப்படித்தான்னு கொலுப் பாக்க வந்த அத்தனை பேருக்கும் வெளக்கினேன். செஞ்சவன் வெவரமானவன்.”

பொம்மைக்காரர் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கூடை ஆடியது.

“அது நாஞ் செஞ்சதுதானுங்க. குழல் முறிஞ்சதையெல்லாம் ராவி, சாம்பல் வர்ணம் பூசி, ஜெர்மன்காரனுதுன்னு கடைக்குப் போட்டேன். அதுதான் மொதல்ல வித்துத் தீந்துச்சு.”

பஸ் உறுமிக்கொண்டு புறப்பட்டது. வியாபாரி அந்தத் தடித்த குழலைத் தடவிப் பார்த்தார். பிறகு டாங்கியைத் திருப்பி நீட்டினார்.

“இதையும் முறிச்சே குடுங்க. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. இனி அந்த ஜெர்மன்காரன்தான் குழலைக் கொறைச்சுக்கோணும்.”