றொஜிதன்ர ஸ்கீச் சாமான்

இல்லைத் தம்பி, சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, எல்லாம் கறாஜுக்குள்ளதான். விளம்பரத்தில போட்ட ஸ்கீ இதுதான். என்ர மகன் றொஜிதன்ர.

எப்ப போறியள்? ஏப்ரலோ? நோர்வேக்கோ? மேல ஏத்திவிட லிஃப்ட் இருக்கிற இடமோ, ஆளில்லாத மலையோ? ம்ம். போன ஏப்ரல் அவனும் அப்பிடித்தான் போனவன். பெட்டியிலதான் திரும்பி வந்தவன்.

ஓம், இருபத்தஞ்சு வயசு. பரவாயில்லை, நீங்கள் என்ன செய்யிறது. பாருங்கோ.

சிரிப்பா இருக்கும், பிராண்டேயில கரண்டுக் காத்தாடி செய்யிற ஃபக்டறிக்காரன் மலையைப் பற்றிக் கதைக்கிறான் எண்டு. இந்த டென்மார்க்கில மேடே இல்லை. ஆனா ஏப்ரல் ஸ்னோ எனக்குத் தெரியும். விடிய கல்லு மாதிரிக் கிடக்கும், நம்பி ஏறுவியள். வெயில் ஏற உள்ளால தண்ணி இறங்கும். பிறகு சரிவு முழுக்க ஒரேயடியாக் கழண்டு வரும். கால் புதையத் தொடங்கினால் உடன திரும்புங்கோ. பனிச்சரிவு எச்சரிக்கை அஞ்சில மூண்டு எண்டால், மூண்டுதானே எண்டு போகாதேங்கோ. இவனும் கூட்டாளியளும் அப்பிடித்தான் போனவங்கள்.

எல்லாம் பிறகு படிச்சது. இப்பவும் ஒவ்வொரு நாளும் நோர்வேயின்ர பனிச்சரிவு அறிக்கையைப் பாக்கிறன். விசர்தானே?

அவனோட போன டெனிஷ் பெடியங்கள் ரெண்டு பேரும் உயிரோட இருக்கிறாங்கள். பனியில புதைஞ்ச ஒருத்தனைப் பத்து நிமிசத்தில கிண்டி எடுத்தாச்சாம். போன கிழமை கேக்கோட வந்தவங்கள். எனக்கு அவங்கட முகத்தில முழிக்கவே விருப்பமில்லை.

பனி கிண்டுற சவளையும் எடுங்கோ.

இதுவோ? இது பீப்பர். நெஞ்சில கட்டுறது. புதைஞ்சால் நீங்கள் எங்க கிடக்கிறியள் எண்டு மற்றவங்கட பீப்பருக்குக் காட்டும். வேலை செய்யும், வேலை செய்யும். புதுசு.

அவன் கொண்டுபோகேல்லை. வீடு முழுக்கத் தேடினவன். தாயைப் பிடிச்சு டெனிஷில கத்தினவன். இஞ்சயிருந்து நோர்வேக்குப் பாஸ்போட்டும் தேவையில்லையே, எடுத்து ஒளிக்க. இது இல்லாட்டிப் போகமாட்டான் எண்டு நினைச்சுப்போட்டன். நான்தான் இதை அரிசி மூட்டைக்கு அடியில வைச்சனான். அவன் பீப்பர் இல்லை எண்டு கூட்டாளியளிட்டச் சொல்லாமல் வெளிக்கிட்டிட்டான். நாய் வந்து தேடி எடுக்க நாலு மணித்தியாலம்.

ஏன் அவன் கட்டேல்லை எண்டு பெடியங்கள் கேட்டாங்கள். எனக்குத் தெரியாது எண்டன்.

மெல்லக் கதையுங்கோ, தம்பி. குசினி யன்னல் திறந்து கிடக்கு, மனிசி செலீனாவுக்கு நான் ஒளிச்சது இன்னும் தெரியாது. இந்தாங்கோ, கட்டிப் பாருங்கோ, வார் அளவோ எண்டு.