நாடா கட்டிய வலை

மஞ்சள் நாடாவை நைலானில்தான் வாங்க வேண்டும். துணி நாடா உப்புக் காற்றில் சீக்கிரம் வெளுத்துவிடும். கடற்கரையைச் சுத்தம் செய்யும் எங்கள் தன்னார்வக் குழுவில் நாடா வாங்குவது என் பொறுப்பு. கரை ஒதுங்கும் குப்பையில் தனி ஆளால் தூக்க முடியாதது இருந்தால், முதலில் பார்ப்பவர் அதில் நாடா கட்டிவிட்டு லாரிக்குச் சொல்வார். பின்னால் வருகிறவர்கள் நிற்க மாட்டார்கள். நாடா இருந்தால், யாரோ பார்த்தாயிற்று என்று அர்த்தம். இந்த ஏற்பாட்டை யோசித்தவள் என் மனைவி.

போன மழைக்காலத்தில் அவள் இறந்தாள். வலையில் சிக்கிய ஆமையை விடுவிக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். அலை காலை வாரிவிட்டது. அவள் தம்பி கரையில் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். படத்தில் அவள் கையை உயர்த்துகிறாள். "அக்கா, இந்தப் பக்கம் பாரு" என்று அவன் குரல் கேட்கிறது. கையசைக்கிறாள் என்று நினைத்தானாம். எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்புவதாகச் சொன்னேன்.

அவன் கெட்டவன் இல்லை. அதன் பிறகும் வாராவாரம் என்னோடு கரையில் நடக்க வந்தான். சாப்பிட்டேனா என்று கேட்பான். எதையாவது சொல்லி என்னைச் சிரிக்கவைக்கப் பார்ப்பான்.

புயலுக்கு மறுநாள் காலை, ஆள் உயரத்துக்கு ஒரு வலைக் குவியல் ஒதுங்கியிருந்தது. பாதி தண்ணீரில் கிடந்தது. உள்ளே ஓர் ஆமை, உயிரோடு. மைத்துனன் எனக்கு முன்னால் ஓடி, கடல் பக்கமாகப் போய்க் குனிந்தான். அலை குவியலைப் புரட்டி அவன் மேல் போட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மார்புவரை வலைக்குள் கிடந்தான். கழுத்தைச் சுற்றி ஒரு கயிறு. பெரிய அடி எதுவும் இல்லை. சிரித்தான்.

"மாமா, ஃபோட்டோ கீட்டோ எடுத்துடாதீங்க. குரூப்புல மானம் போயிடும்."

கத்தி என் பையில் இருந்தது. எடுத்தேன். ஆமையைச் சுற்றியிருந்த வலையை அறுத்தேன். துடுப்பில் சின்னக் காயம்தான். அது கடலுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அது போயாச்சு. அடுத்து நான்தானே? தண்ணி ஏறுது மாமா."

கத்தியை மடித்துப் பைக்குள் வைத்தேன். குவியலைச் சுற்றிக்கொண்டு கரைப் பக்கம் வந்து, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி நாடாவைக் கட்டினேன்.

"மாமா, விளையாடாதீங்க" என்றான். அலைக்கு அலை கயிறு இறுகியது. குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அக்காவைக் கூப்பிட்டான்.

மேட்டு மணலில் எங்கள் குழுவின் தையல்கடை அக்காவும் ஓய்வுபெற்ற வங்கிக்காரரும் வந்துகொண்டிருந்தார்கள். நான் எதிரே போனேன்.

"அம்மாடி, எவ்ளோ பெரிய வலை! பாத்தாச்சா தம்பி?"

"பாத்தாச்சுக்கா. லாரிக்கும் சொல்லியாச்சு."

"அப்ப நமக்கு அதுல வேலை இல்ல" என்றார் வங்கிக்காரர். "எங்க உங்க மச்சான்? துரை இன்னும் எந்திரிக்கலையா?"

"வருவான்" என்றேன்.

அலை இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. மூவரும் எதிர்ப்பக்கம் நடந்து பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்கினோம். லாரிக்கு நான் மதியம்தான் சொன்னேன்.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்கிறீர்கள். கயிற்றை நான் போடவில்லை. தண்ணீரை நான் ஏற்றவில்லை. ஆனால் ஆமாம், அவன் சாவான் என்று தெரிந்துதான் நாடாவைக் கட்டினேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆமை பிழைத்துவிட்டது. ஓர் உயிர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா போகிறவன் நான் இல்லை.